கேட்டவை, பார்த்தவை

மாசி இரண்டாம் ஞாயிறு.
நகரி முனிசிபல் பார்க்.
ஆறேகாலுக்குத்தான் திறப்பேன் என்கிறார் வாட்ச்மேன்.
கேட் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.
நாங்கள் நான்கு பேர், ஒரே பைனாகுலர்,
தமயந்தியின் தம்பி குவைத்திலிருந்து அனுப்பியது,
இடது கண்ணாடியில் பூஞ்சை.

எண்ணிக்கைத் தாளில் இரண்டு கட்டம்:
கேட்டவை. பார்த்தவை.
எழுதுகிற வேலை எனக்கு.
கையெழுத்து அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.
உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

பதினோரு வருடம் விசைத்தறி ஷெட்டில்
நாற்பது தறிக்கு நடுவில் நின்றவள் நான்.
திருத்தணி காது டாக்டர்
தாளில் ஒரு கோடு காட்டினார்.
சமதளமாய்ப் போய்க்கொண்டிருந்த கோடு
திடீரென்று சரிந்து விழுந்தது,
எங்கள் ஊர் மலையின் மூக்குபோல.
"அடி பத்திரமா இருக்கும்மா. மேலதான் போயிடுச்சு."
லாரி கேட்கும். வீட்டுக்காரர் இருமல் கேட்கும்.
குக்கர் விசிலை மட்டும்
ஆவி பார்த்து எண்ணுகிறேன்.

முதலில் குக்குறுவான்.
டொங். டொங். டொங்.
அடி பத்திரமாக இருக்கிறது.
கேட்டவை கட்டத்தில், என் காதாலேயே, ஒன்று.

கல்யாண முருங்கையில் இலையே இல்லை,
கொம்பெல்லாம் சிவப்பு.
சூறைக்குருவிகள் இறங்கி
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தேன் குடிக்கின்றன.
எழுபது என்றார் குலசேகர். அறுபது என்றார் பாஜி.
அறுபத்தைந்து எழுதினேன்.

சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில்
கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
அதில் ஒரு ஊதாத் தேன்சிட்டு.
அலகு திறக்கிறது, தொண்டை துடிக்கிறது,
என் பக்கம் ஒன்றும் வந்து சேரவில்லை.
ஷெட்டில் உதடு பார்த்தே பேசிக்கொள்வோம்.
எதிர்த்தறி முனிலட்சுமி
புருஷனை விட்டு வந்த கதை முழுவதையும்
ஒரு ஷிப்டில் கண்ணால் கேட்டிருக்கிறேன்.
இதுவும் அதே வேகத்தில்தான் சொல்கிறது.
உதடு இல்லை. படிக்க முடியவில்லை.

மாமரத்தடியில் நின்றோம்.
பூ வாசம் தொண்டை வரைக்கும் இறங்குகிறது.
உள்ளே ஒரு கதிர்க்குருவி.
"எல்லாம் ஒரே பச்சை மேடம்,
குரலை வைத்துத்தான் பிரிக்கணும்" என்கிறார் பாஜி.
மூன்று பேரும் தலை சாய்த்து
ஒரே பக்கமாகக் காது கொடுக்கிறார்கள்.
சாய்க்க எனக்கு ஒன்றுமில்லை.
கீழே பார்த்தேன்.

தண்ணீர் வராத பவுண்டனுக்குப் பின்னால்
மோட்டார் ரூம் சுவரோரம்
ஒரு சருகு தானாகப் புரண்டது.
இன்னொன்று.
பிறகு நீலத் தோள், கறுப்புக் கண்பட்டை,
வால் என்று சொல்ல முடியாத வால்,
அடியில் யாரோ குங்குமம் துடைத்த சிவப்பு.
சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
ஐந்து மூச்சு, ஆறு மூச்சு, எனக்கே வைத்துக்கொண்டேன்.

அது தலையைப் பின்னால் எறிந்து
அலகைத் திறந்தது, இரண்டு முறை.
எனக்கு ஒன்றுதான் கேட்டது,
கீழே இறங்குகிற இரண்டாவது.

"ஆறுமணிக்குருவி!" மூவரும் திரும்பினார்கள்.
"எங்கே? எங்கே?"
சருகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "ஏம் கனபடிந்தி?"
எங்கிருந்து வருகிறது, எப்போது போகும் என்று
குலசேகர் தெலுங்கில் விரிவாகச் சொன்னார்.
எல்லாம் கேட்டுவிட்டு அவர்,
"ஓ. பிட்ட" என்றார்.
குருவி. அவ்வளவுதான்.
தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

கேட்டவை: மூன்று பேர்.
பார்த்தவை: நான்.
நேரம் ஏழு பத்து.
ஆறுமணிக்குருவிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.
கேட்டவையில் எனக்கும் ஒரு 'அரை' போட்டேன்.
பாஜி பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை.

"முதல் பாதி எப்படி இருந்தது?"
தமயந்தியைக் கேட்டேன்.
கேட் வரைக்கும் விசிலடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.
அவளுக்கு விசிலடிக்க வராது,
வெறும் காற்றுதான் என்று குலசேகர் சிரித்தார்.
எனக்கு அதனால் ஒன்றும் இல்லை.
அவளுக்கு உதடு இருக்கிறது.